எண்ணெய் டின்னில் ஒரு புகையடுப்பு

கோழியைப் புகையிலேயே வேகவைக்க, மளிகைக் கடையில் பழைய 15 லிட்டர் எண்ணெய் டின் இரண்டு வாங்கினேன். மேல் டின்னின் அடியை வெட்டிவிட்டு, நடுவில் குறுக்கே கம்பி செருகி, கோழியை வைத்து மூடினேன். கீழ் டின்னில் கரி, புகைக்குப் பச்சை விறகு. அவ்வளவுதான் வேலை என்று நினைப்பு.

முதல் கோழியை வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு கசப்பு. தோல் தார் பூசியதுபோல் கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மசாலாதான் கோளாறு என்றார்கள் வீட்டில். எனக்கு மூடியின் மேல்தான் சந்தேகம். புகை வெளியேற வழியில்லாமல் கறியிலேயே படிந்திருக்கிறது. கீழே காற்று போதாமல் கரியும் திணறியிருக்கிறது.

அடி டின்னில், தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஆறு ஓட்டை போட்டேன். பால்பவுடர் டப்பா ஒன்றை இருபுறமும் திறந்து, மூடியில் புகைபோக்கியாகச் செருகினேன். வெளிப்பக்கப் பெயிண்ட் கருகிப் போகட்டும் என்று வெறும் டின்னில் ஒருமுறை நன்றாக விறகு எரித்தேன். (துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், சூடேறினால் வரும் புகை கெடுதல். பூச்சிமருந்து டின் பக்கமே போகாதீர்கள்.)

அப்புறம் பச்சை விறகுக்குப் பதில் காய்ந்த கொய்யாக் கட்டை, ஒரு கைப்பிடி. வெள்ளையாகப் பொங்கிய புகை அடங்கி மெல்லிய நீலமாக வந்த பிறகே கோழி உள்ளே போனது. 110 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம். தொடைக்குள் 74 டிகிரி தாண்டியதும் எடுத்தேன். இந்த முறை மசாலாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.