உடைந்த சுண்ணாம்புக்கல்லைப் படிக்கும்போது வரும் தவறுகள்

கூர்மையான ஓரங்களோடு உடைந்த துண்டுகள், நடுவே சேறோ, சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டோ நிரம்பி மறுபடி கல்லாக இறுகியிருந்தால் அதைப் பிரெச்சியா என்கிறோம். துண்டுகள் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்; ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் அது காங்கிளாமரேட். இந்த வரையறை உருவத்தை மட்டுமே சொல்கிறது, உடைந்த காரணத்தைச் சொல்வதில்லை. ஆனாலும் பழைய கடலடிப் பாறையில் இதைப் பார்த்த உடனே “நிலநடுக்கம்” என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய. எல்லார் கண்ணும் துண்டுகள் மேலேயே போகிறது. என்னைக் கேட்டால், துண்டுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அங்கே வெள்ளைக் கால்சைட் மட்டும் இருக்கிறது, துண்டுகளை மனத்துக்குள் நகர்த்தினால் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது என்றால், கல் இருந்த இடத்திலேயே உடைந்திருக்கிறது. பிளவுப்பெயர்ச்சி, அதாவது ஒரு பிளவின் இருபுறமும் பாறை நகர்வது, நொறுக்கியிருக்கலாம். அல்லது அடியில் இருந்த ஜிப்சமோ உப்போ கரைந்துபோய், மேலே இருந்த சுண்ணாம்பு அடுக்கு பிடிமானம் இல்லாமல் இடிந்திருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் பகுதிகளில் மேடிசன் சுண்ணாம்புக்கல்லில் இப்படி இடிந்த அடுக்குகள் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பிளவுப்பெயர்ச்சியில் நொறுங்கிய பட்டை பெரும்பாலும் அடுக்குகளை வெட்டிக்கொண்டு போகும். இடிந்தது அடுக்கோடு அடுக்காகப் படுத்திருக்கும். மேலே போகப் போக உடைவு குறைந்து வெறும் விரிசலாக முடியும்.

நடுவே சேறு இருந்து, துண்டுகளும் பலவகையாகக் கலந்து கிடந்தால் கதையே வேறு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மேற்குக் கரையில், கௌ ஹெட் என்ற இடத்தில், கேம்பிரியன், ஆர்டோவிசியன் காலத்துப் (ஏறக்குறைய 54–44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பிரெச்சியா வெளியே தெரிகிறது. ஆழ்கடலில் படிந்த மென்மையான களிக்கல் அடுக்குகளுக்கு நடுவே, ஆழமற்ற கடலில் உருவான பெரிய பெரிய சுண்ணாம்புப் பாறைகள் கிடக்கின்றன. மேலே இருந்த ஆழமற்ற கடல்மேடையின் விளிம்பு சரிந்து, சேறும் கல்லுமாகச் சரிவில் இறங்கியதன் மிச்சம் இது.

இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. ஓரம் கூர்மையாக இருப்பதால் கல் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆற்றில் உருளும் கல்லுக்கு அந்தக் கணக்குச் சரி. கெட்டியான சேறு கல்லை உருட்டுவதில்லை, சுமந்துகொண்டு போகிறது. மிகக் குறைந்த சரிவில்கூட வெகுதூரம் போகும். ஓரம் அதிகம் தேயாது.

துண்டு நகர்ந்ததா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. துண்டில் புதைந்திருக்கும் சிப்பிக்குள் பாதிவரை சேறு படிந்து, மீதிப் பாதியில் பிறகு வெள்ளைக் கால்சைட் வளர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு, சேறு படிந்த அன்றைய கிடைமட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரிதான். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் ஒன்றில் கோடு செங்குத்தாக நிற்கிறது, இன்னொன்றில் சேறு மேலேயும் கால்சைட் கீழேயும் இருக்கிறது என்றால், அந்தத் துண்டுகள் இறுகிய பிறகே புரண்டு வந்திருக்கின்றன.

இறுகுவதற்கு ஆழப் புதைய வேண்டும் என்று நினைப்பதும் தவறு. சுண்ணாம்புப் படிவு கடல் தரையிலேயே, புதையாமலே, கெட்டிப்பட முடியும். அதனால் துண்டும் அதைச் சுமந்த சேறும் ஏறக்குறைய ஒரே காலத்தவையாக இருக்கலாம். நேர்மாறாக, துண்டு பல மில்லியன் ஆண்டுகள் பழையதாகவும் இருக்கலாம். எனவே துண்டுக்குள் இருக்கும் புதைபடிவத்தை வைத்து அடுக்குக்கு வயது சொல்லாதீர்கள். சேற்றில் கிடைக்கும் கோனோடான்ட் போன்ற நுண்படிவங்களையும், மேலும் கீழும் உள்ள அடுக்குகளையும் பாருங்கள்.

சில கற்கள் உடையவே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் திட்டுத்திட்டாக டோலமைட் என்ற மெக்னீசியம் கலந்த கனிமமாக மாறியதால் துண்டுகள் போலத் தெரியும். ஒரு புதைபடிவம் “துண்டின்” எல்லையைத் தாண்டி முழுசாகப் போகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரிவுதான் என்று சட்டென்று எழுதிவிட முடியாது. நெவாடாவின் அலாமோ பிரெச்சியா, டெவோனியன் காலச் (ஏறக்குறைய 42–36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணாம்புக் கடல்மேடை உடைந்து உருவானது. பார்வைக்கு மாபெரும் சரிவு போலவே இருக்கும். 1990களில் அதற்குள் மோதலின் பேரழுத்தத்தில் அதிர்ச்சிக் கோடுகள் விழுந்த குவார்ட்ஸ் மணிகளும், விண்கற்களில் அதிகமாக இருக்கும் உலோகமான இரிடியம் கூடுதலாக இருப்பதும் கண்டுபிடிக்கப்பட்டன. கடலில் விண்பொருள் மோதியதற்கான சாட்சி, பெரிய பாறைகளை விட்டுவிட்டு, அந்தக் கண்ணுக்குத் தெரியாத மணிகளில் இருந்தது.