மேய்ச்சல் நாடோடிகளின் கல்யாணத்தை எழுதுவது எப்படி?

கற்பனை உலகக் கதையில் நாடோடிக் கூட்டத்தைக் கொண்டுவரும் புதியவர்கள் பலர் நேராக மாலை, விருந்து, மேளம் என்று போய்விடுகிறார்கள். பினாங்கு கடைத்தெருவில் கல்யாணத்துக்குச் சேலையும் நகையும் வாங்கிப் பழகிய நமக்கு அது தானாக வரும். ஆனால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நடப்பவர்களுக்குக் கட்டிலும் பீரோவும் சீராக வராது. அவர்களின் சொத்துக்குக் கால் உண்டு. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

படி 1: மந்தை எது?
ஆடு சீக்கிரம் பெருகும். ஒட்டகம் குட்டி போட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பரிசமாகக் கொடுத்ததை ஆட்டுக்காரன் சில வருஷத்தில் மீட்டுவிடுவான். ஒட்டகக்காரன் வெகுகாலம் காத்திருக்க வேண்டும். உங்கள் மிருகம் கற்பனை என்றாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 2: எந்தப் பக்கம் போகிறது?
தெற்கு சூடானின் நூயர் மக்களிடம் மாப்பிள்ளை வீட்டார்தான் மாடு தருவார்கள். மத்திய ஆசியாவின் கசாக் மக்களின் பழைய வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கால்நடைக்கு எதிர்ச்சீராகப் பெண் வீட்டிலிருந்து புதுக் கூடாரமும் வரும். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கும் முறை கதைக்கு நல்லது. கோபித்துக்கொள்ள இரு வீட்டாருக்கும் காரணம் கிடைக்கும்.

படி 3: யாருக்கு எந்த மாடு?
நேரத்தை இங்கே செலவிடுங்கள். நூயரிடம் வந்த மாடுகள் பெண்ணுடைய அப்பாவின் தொழுவத்திலேயே நிற்காது. அப்பா வழி, அம்மா வழி இரண்டுக்கும் பங்கு உண்டு. நம் வீட்டில் தாய்மாமன் சீர் கொண்டு வருவார். அங்கே அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். கல்யாணம் முறிந்தால் மாடு திரும்ப வேண்டும்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். ஒரு பெண்ணின் கல்யாணத்தில் காதில் இரண்டு வெட்டு உள்ள செவலைப் பசு அவள் மாமன் பங்குக்கு வந்தது. அதை அவர் தன் மகன் கல்யாணத்துக்குப் பரிசமாகக் கொடுத்துவிட்டார். நாலாம் மாதம் அந்த முதல் பெண் புருஷன் அடி தாங்காமல் அப்பா கூடாரத்துக்கு ஓடி வருகிறாள். பசுவைத் திருப்பினால் மாமன் மகனின் கல்யாணமும் முறிந்துவிடும். "பொறுத்துப் போம்மா" என்று கூட்டமே ஏன் அவளைக் கெஞ்சுகிறது என்பது வாசகருக்கு அப்போது புரியும். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். பல கதைகளில் அவள் வாயே திறப்பதில்லை.

படி 4: யாரைக் கட்டலாம்?
கசாக் வழக்கத்தில் அப்பா வழியில் ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் கல்யாணம் கூடாது. அதனால் பெண் தூரத்துக் கூட்டத்துக்குப் போவாள். வறட்சியில் அந்தப் பக்கத்துப் புல்லைக் கேட்க உறவு இருக்கும். அரபுப் பாலைவன நாடோடிகளான பெதுவின்களிடம் பெரியப்பா, சித்தப்பா மகளைக் கட்டுவது விரும்பப்பட்டது. மந்தை வீட்டுக்குள்ளேயே இருக்கும். அத்தை மகள், மாமன் மகள் முறையை யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள்.

சரி, இனி எழுதலாம். கல்யாணக் காட்சியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் பரிசம் பேசும் காட்சியை எழுதுங்கள். பெண்ணின் அம்மாவையும் அதில் உட்கார வையுங்கள். உங்கள் கூட்டத்தில் பால் கறப்பவள் அவள் என்றால், எந்தப் பசுவுக்கு மடி வற்றிவிட்டது என்று அவளுக்குத்தான் தெரியும்.