ஒன்றும் இல்லாதபோதே போங்கள்: கர்ப்பப்பை வாய் டெஸ்டுக்கு ஒரு வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பிரஷர் பார்க்கப் போன என் அத்தையிடம், 'கர்ப்பப்பை வாய் டெஸ்டும் பண்ணிட்டுப் போங்கம்மா' என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். 'எனக்குத்தான் ஒன்னும் இல்லையே' என்று அத்தை எழுந்து வந்துவிட்டார். அப்போது அவருக்கு 42 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் டெஸ்ட் அது, ஒன்றும் இல்லாதவர்களுக்காகத்தான் இருக்கிறது. நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, உறவுக்குப் பிறகு ரத்தம், தீட்டு நின்று வருஷக்கணக்கான பிறகும் மறுபடி படுவது, இதெல்லாம் இருந்தால் கேம்புக்காகக் காத்திருக்காமல் நேரே ஜிஎச்சில் பெண்கள் பிரிவுக்குப் போங்கள்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். உறவின் வழியாகப் பரவும், ரொம்ப சாதாரணமாக வரும், கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும், ஆகவே இதை யார் நடத்தையோடும் முடிச்சுப் போடாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும், தங்கினாலும் புற்றுநோயாக மாற 15, 20 வருஷம் ஆகும் (எச்ஐவி உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம், அவர்கள் 25 வயதிலேயே டெஸ்டைத் தொடங்க வேண்டும்). அவ்வளவு அவகாசம் இருந்தும் இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறக்குறைய 80 ஆயிரம் பெண்கள் இதில் இறந்தார்கள்.

முதலில் தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள், அதாவது வைரஸ் உள்ளே வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதை அறிவித்தது, உங்கள் பகுதியில் எப்போது, எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இலங்கையில் 2017 முதலே 6ஆம் வகுப்பு மாணவிகளுக்குப் போடுகிறார்கள். காசு கொடுத்துப் போடுவதானால் புனேயில் தயாராகும் செர்வாவேக் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. ஊசியில் இருப்பது வைரஸின் வெறும் கூடு, உயிருள்ள வைரஸ் இல்லை, பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார வையுங்கள், பயத்திலேயே மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. 35 வயதுப் பெண் இந்த ஊசிக்குச் செலவழிப்பதைவிட டெஸ்டுக்குப் போவது மேல் என்பேன். ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதானதும் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். 30 வயதுக்கு மேல் போகலாம். தீட்டு நாளில் வேண்டாம், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேலையோ நைட்டியோ கட்டிக்கொண்டு போனால் எதையும் முழுதாகக் கழற்ற வேண்டியிருக்காது. சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைக்கும்போதுதான் சங்கடம், மூச்சைப் பிடிக்காமல் வாயால் விட்டால் பாதி வலி குறையும். பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், வினிகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நனைத்த பஞ்சை கர்ப்பப்பை வாயில் ஒற்றி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். லேசாக எரியும். மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் அந்த ஒரு நிமிஷத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெளுக்கும். அவ்வளவுதான். லேப் வேண்டாம், கரண்ட் போனாலும் நல்ல டார்ச் வெளிச்சம் போதும்.

ஏதோ கைவைத்தியம் என்று நினைக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், பயிற்சி பெற்ற நர்ஸுகள் இதே டெஸ்டைச் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. டெஸ்ட் செய்த ஊர்களில் இந்த நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிவிடுவதால் வினிகர் டெஸ்ட் சரிவராது, பாப் ஸ்மியரோ (அங்கிருந்து செல்களைச் சுரண்டி லேபில் பார்ப்பது) எச்பிவி டெஸ்டோ (அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். எச்பிவி டெஸ்ட் எங்கே கிடைத்தாலும் அதையே எடுங்கள், இருப்பதிலேயே நம்பகமானது அதுதான், குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

அத்தை இரண்டு வருஷம் கழித்து ஒருவழியாகப் போனார். பாசிட்டிவ். ஜிஎச்சுக்குப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்து, ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பயம் ஒரு பக்கம், ஒருநாள் கூலி போகும், எந்த ரூமில் யாரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் நழுவிப் போகிறார்கள். ஆகவே பாசிட்டிவ் என்றதும் அங்கேயே நின்று கேளுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த ரூம், அன்றைக்கே சிகிச்சையும் முடியுமா? சீட்டை போனில் படம் எடுத்து, கூட வரப்போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வெறும் புண்ணாகவும் இருக்கும். ஜிஎச்சில் கால்போஸ்கோபி என்று பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதையைக் கிள்ளி எடுத்து பயாப்ஸி என்ற லேப் சோதனைக்கு அனுப்புவார்கள். மாற்றம் ஆரம்ப நிலையில் இருந்தால் சூடு வைத்தோ உறைய வைத்தோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம், சில நிமிஷ வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு சில வாரம் நீராகப் படும், ஒரு மாதம் உறவு வேண்டாம். வெள்ளைப்படுகிறது என்றதுமே 'கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அத்தைக்குச் சூடு வைத்து அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தேதியை தினசரி காலண்டரில் எழுதப் போனவரைத் தடுத்து, பிரஷர் மாத்திரை வாங்கும் நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவிட்டேன், மாதாமாதம் நர்ஸ் கண்ணில் படும்.