அப்பாவின் தடிமனும் இரட்டை மருந்தும்

மார்கழி மழையில் வயலுக்குப் போய்வந்த அப்பாவுக்குத் தடிமன். கிளிநொச்சியில் பார்மசி ஒன்றில் தடிமன் குளிசை வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் மிச்சமிருந்த, மூக்கொழுகலுக்குப் போடும் குளோர்பெனிரமின் குளிசையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று பார்மசியில் நான் சொல்லவில்லை.

இரவு நெஞ்சு படபடத்தது, சலம் போகக் கஷ்டப்பட்டார், காலையில் தலை சுற்றியது. "அப்பா, இண்டைக்கு மோட்டச்சைக்கிளைத் தொடாதேங்கோ" என்று சாவியை எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது.

அப்புறம்தான் மட்டையின் பின்பக்கத்தை வாசித்தேன். அந்தக் குளிசையிலேயே குளோர்பெனிரமின், பினைலெப்ரின், பரசிற்றமோல் மூன்றும் இருந்தன. குளோர்பெனிரமின் இரட்டிப்பாகிவிட்டது, நித்திரைத் தூக்கமும் தலைச்சுற்றும் அதனால் வரும். வயதான ஆண்களுக்குச் சலம் கட்டுவதும் அதனால் வரலாம். மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் பினைலெப்ரின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், பிரஷரையும் ஏற்றலாம். இதோடு தனியாகப் பனடோலும் போட்டிருந்தால் பரசிற்றமோலும் கூடியிருக்கும்.

டொக்டர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார். உப்புத்தண்ணீர் மூக்குச் சொட்டும் சுடுதண்ணீருமே போதுமாக இருந்தது. இப்போது அப்பாவின் பிரஷர் குளிசை மட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டித்தான் எந்த மருந்தும் வாங்குகிறேன்.