பழைய பேனாக்கத்தி: யார் செய்தது, எந்தக் காலத்தது?

ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவின் மேசை இழுப்பறையிலோ சேலத்துப் பழைய சாமான் கடையிலோ ஒரு மடக்குக் கத்தி கிடைத்தால், முதல் வேலை அதைத் தேய்க்காமல் இருப்பது. புளி போட்டுத் துலக்கினால் செய்தவரின் முத்திரையே அரித்துப் போகும். உப்புத்தாள் இன்னும் மோசம்.

மடிப்பு இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காகிவிடும். பிறகு அலகில் நகம் வைத்து இழுக்க உள்ள பள்ளத்தை, அதாவது நகக்குழியை, பிடித்து மெல்லத் திறக்கவும். குறடு கூடாது.

அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில், கூரில்லாத பகுதியில்தான் முத்திரை இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் துளி விபூதியைத் தடவி விரலால் வழித்துவிடுங்கள்; பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கொலுசுப் பட்டறைக்காரரின் பத்து மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். எல்லா அலகுகளையும் இரண்டு பக்கமும் பாருங்கள்.

நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் (எட்டு முனைச் சிலுவை) என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம். ஐ*எக்ஸ்எல் என்றால் அதே ஊர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். இரட்டையர் உருவம் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து ஹென்கெல்ஸ். விற்ற கடையின் பெயரும் சில கத்திகளில் அதே இடத்தில் இருக்கும், ஏமாற வேண்டாம். (ஷெஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: எஃகில் மாங்கனீசு சேர்க்க 1839-இல் காப்புரிமை பெற்ற ஹீத், அதற்கு முன் சேலத்துத் தாதுவை உருக்கப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தவர்.)

வயதுக்கு வருவோம். கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் என்றால் விக்டோரியா காலம், 1837–1901. ஈ, ஆர் என்றால் 1901-க்குப் பின். ஜி, ஆர் குழப்பும்: ஜார்ஜ் மன்னர்கள் பலர். அப்போது ‘இங்கிலாந்து’ என்ற சொல்லைத் தேடுங்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகுதான் அது பரவலானது. ‘ஸ்டெயின்லெஸ்’ இருந்தால் நிச்சயம் 1913-க்குப் பிந்தியது. எந்த அடையாளமும் ‘இதற்கு முன் இல்லை’ என்றுதான் சொல்லும். கத்தியில் உள்ளவற்றில் எது கடைசியில் வந்ததோ, அதுதான் கணக்கு.

அலகு ஸ்டெயின்லெஸ்ஸா இல்லையா என்று காந்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கத்திக்கான ஸ்டெயின்லெஸ் எஃகும் ஒட்டும். கைப்பிடிக்குள் இருக்கும் தகடு பித்தளையா இரும்பா என்று பார்க்கத்தான் காந்தம்.

பிடியில் நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைக்கோடுகள் இருந்தால் தந்தம். அதை விற்பது குற்றம். தேய்த்ததும் கற்பூர வாசனை அடித்தால் செல்லுலாய்டு. அது சிதையும்போது வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும், ஆகவே தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.