பழைய நகரக் காட்சிப் படங்களுக்கு ஃபிரேம் போடும்போது

ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-93இல் மெட்ராஸுக்கு வந்து வரைந்த காட்சிகளைப் போன்ற பழைய அச்சுப் படங்கள் வரவேற்பறைச் சுவருக்கு அத்தனை அழகு. ஆனால் கண்ணாடி நேராகத் தாளைத் தொட்டால் சென்னை ஈரக்காற்றில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தாளே கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். நடுவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டம்) கட்டாயம்: அதன் அகலம் மேலும் இருபுறமும் 2.5 அங்குலம், கீழே 3.

ஃபிரேம் கடையில் ஓரத்தை வெட்ட விடாதீர்கள். ஓவியர் பெயர், வெளியிட்ட தேதி எல்லாம் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி போனால் மதிப்பும் போய்விடும். செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சள் கறை விழும். மேல் விளிம்பில் மட்டும் 2 இடத்தில் ஜப்பானியத் தாள் (மெல்லிய, உறுதியான நார்த்தாள்) துண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமின்றி அலையலையாகப் புடைக்கும்.

வெயில் விழும் சுவரில் நகலை மாட்டுங்கள். அசலில் கையால் தீட்டிய வண்ணம் வெளிறிவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஃபிரேமின் பின்புறக் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவரின் ஈரம் படத்தில் ஏறாமல் காற்று ஓடும்.