கள்ளழகருக்குள் அழகர் இல்லை: குறுக்கெழுத்துக் குறிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் சித்திரைத் திருவிழாவை ஒட்டி நண்பர்களுக்காக நான் கட்டிய புதிர் ஒன்றில், ‘கள்ளழகருக்குள் ஒளிந்திருக்கும் பெருமாள் (4)’ என்று ஒரு குறிப்பு எழுதி, ‘அழகர்’ என்ற நான்கெழுத்துச் சொல்லை விடையாக வைத்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் செல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி அழைத்து, “அண்ணே, கள்ளழகர்ங்கிற பேர்ல ‘அ’ எந்தக் கட்டத்துல இருக்கு?” என்று கேட்டார். க, ள், ள, ழ, க, ர் என்று ஆறு எழுத்துகளையும் தாளில் பிரித்து எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அகரம் தனக்கு முன் நின்ற ளகர மெய்யோடு கூடி ‘ள’ ஆகிவிட்டதால், காதுக்குக் கேட்ட அழகர் கட்டத்தில் இல்லை. தமிழ்ப் புதிர்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, ஒலியை நினைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவதால் வருபவை என்பது என் அனுபவம்.

குறுக்கெழுத்து நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரே முதலாவது என்று கொள்ளப்படுகிறது. சொல்விளையாட்டை வைத்துக் குறிப்பு எழுதும் முறை அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில் வளர்ந்தது. அம்முறையில் குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதிப் பகுதி, விடையின் எழுத்துகளை எப்படிக் கூட்டுவது என்று சொல்லும். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்குரியது 26 எழுத்துகளில் ஒன்று. நமக்கோ 247 எழுத்துகள். அவற்றில் 216 உயிர்மெய்கள், ஒவ்வொன்றும் பிரிக்க முடியாத ஒரே கட்டம்.

எழுத்துகளை இடம் மாற்றும் குறிப்புகளில்தான் இதை அதிகம் மறக்கிறோம். நம் பக்கத்துக் கிராமங்களில் மதுரையை ‘மருதை’ என்பார்கள். எழுத்துகள் இடம் மாறியதாகவே காதுக்குத் தோன்றும். ஆனால் ஒன்றில் ம, து, ரை. மற்றொன்றில் ம, ரு, தை. தகரமும் ரகரமும் இடம் மாற, உகரமும் ஐகாரமும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டதால், முதல் எழுத்தைத் தவிர எதுவும் பொருந்தவில்லை. ஆகவே ‘குழம்பிய மதுரை’ என்று எழுதி ‘மருதை’யை எதிர்பார்ப்பது பிழை. ‘கலைந்த நகரம், பாவிகள் போய்ச் சேருமிடம் (4)’ என்ற குறிப்பு சரியானது. ந, க, ர, ம் என்ற அதே நான்கு எழுத்துகளும் குறையாமல் ‘நரகம்’ ஆகின்றன. எண்ணிக்கையைக் கணினியிடம் விட்டுவிடுவதும் ஆபத்து. எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணும் மென்பொருள், மூன்றெழுத்து மதுரைக்கு ஐந்து என்று விடை தரும்.

புணர்ச்சியில் அடுத்த வழுக்கல். ‘கை’யையும் ‘பிடி’யையும் அடுக்கினால் மூன்று கட்டம், விடையான ‘கைப்பிடி’க்கு நான்கு. இடையில் வந்த ‘ப்’புக்குக் குறிப்பில் ஏதும் இல்லையென்றால், விடை காண்பவருக்கு ஒரு கட்டம் கடன் வைத்தவர்களாகிறோம். புணர்ச்சியே கூடாது என்று சொல்லும் கடுமை எனக்கு இல்லை. ‘கயலும் ஆளுகையும் சேர மதுரைக்கு அரசி (4)’ என்பதில் மீனும் ஆட்சியும் புணர்ந்து மீனாட்சியாகின்றன. ‘சேர’ என்ற சொல் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மறைந்த சொல்லைத் தேடச் சொல்லும்போதும் எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும்போதும் இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன்.

வேற்றுமை உருபு செய்யும் சேதம் பலர் கண்ணில் படுவதில்லை. ‘தெப்பக்குளத்தைக் கலைத்து’ என்று எழுதினால், கலைக்க வேண்டியது ‘ளம்’ என்று முடியும் சொல்லையா, ‘ளத்தை’ என்று முடிவதையா? ‘ஆறு’, ‘ஆற்றில்’ என்று திரிந்துவிடும். என் கள்ளழகர் குறிப்பிலும் இந்த இரண்டாவது பிழை இருந்தது. ‘உக்குள்’ ஏறியதும் கடைசி ‘ர்’ போய் ‘ரு’ வந்துவிட்டது. ஐகாரத்திலும் இகரத்திலும் முடியும் சொற்கள் யகர உடம்படுமெய்யை ஏற்றுக்கொண்டு தாம் சிதையாமல் நிற்கும் என்பதால், கலைக்கவோ வெட்டவோ வேண்டிய சொல்லை இயன்றவரை அவற்றிலிருந்து எடுப்பது நல்லது. ‘சித்திரையின் பிற்பாதி அலை (2)’ என்பதில் சித்திரை முழுசாக இருக்கிறது. நான்கு எழுத்தில் பின்னிரண்டு ‘திரை’, அதன் பொருள் அலை.

இதே குறிப்பில் விடை காண்பவர் செய்யும் தவற்றையும் காட்டிவிடலாம். சித்திரையின் பிற்பகுதியில் கத்திரி வெயில் தொடங்குவதால், படித்தவுடன் மனம் வெப்ப அலைக்குத் தாவும். அந்தக் கதையை நம்பிவிட்டால் விடை கிட்டாது. சொல் சொல்லாகப் பிரித்து, முதலில் அல்லது கடைசியில் நேர்ப்பொருள் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும்.

நேர்ப்பொருள் இலக்கணத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ‘வறண்ட’ என்ற விடைக்குக் ‘காய்ந்தது’ பொருளாகாது. ஒன்று பெயரெச்சம், மற்றொன்று வினைமுற்று. வைகை என்பது ஓர் ஆறு. ஆனால் ஆறெல்லாம் வைகை அல்ல. எனவே விடை ‘ஆறு’ என்றால் ‘வைகை போன்றது’ என்று எழுத வேண்டும்.

இருபொருள் குறிப்புகள் நம் சிலேடையின் பிள்ளைகள் என்பதால் எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம் உண்டு. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரித்தால் தருவது பிரிமொழிச் சிலேடை என்று நம் அணியிலக்கணம் முன்பே வகுத்திருக்கிறது. ‘வை’, ‘கை’ என்று பிரியும் வைகை இரண்டாம் வகைக்கு உதவும். முதல் வகையில், ஒரே பொருளின் இரு நிழல்களை இரு பொருளாகக் காட்டுவதே வழக்கமான தவறு. ‘சிரம்’, ‘உடலின் உச்சி’ என்று எழுதித் ‘தலை’யை விடையாக வைப்பதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? ‘பூக்கடையிலும் மளிகைக் கடையிலும் கேட்டு வாங்குவது (3)’ என்பதற்கு மல்லி என்று வரும்போது, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையும் கொத்தமல்லி விதையும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன.

திருவிழா முடிந்த பிறகு அந்தப் பழைய குறிப்பை அடித்துவிட்டு, ‘கண்ணீர் விடத் தலையிழந்த நகர், ஆற்றில் இறங்குபவர் (4)’ என்று மாற்றி எழுதிச் செல்லூருக்கு அனுப்பினேன். கண்ணீர் விட என்றால் ‘அழ’. முதல் எழுத்தை இழந்த நகர் ‘கர்’. இப்போது அகரம் முதல் கட்டத்தில் தனியாக நிற்கிறது.